உறைந்த ஏரியில் தூண்டில்: சிம்கோ ஏரியை முன்வைத்து ஓர் அறிமுகம்

ரொறன்ரோவிலிருந்து 404ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றால் சிம்கோ ஏரியின் தென்கரை வந்துவிடும். ஜூலை மாதத்தில் படகுகள் ஓடிய அதே நீர்ப்பரப்பின்மேல் பெப்ரவரி மாதத்தில் சிறு மரக்குடில்கள் ஓர் ஊரைப்போல நிற்பதையும், அவற்றுக்கிடையே மனிதர்கள் சறுக்குவண்டிகளில் சாமான்களை இழுத்துக்கொண்டு நடப்பதையும் காணலாம். கரையில் நின்று முதன்முறையாக இதைப் பார்ப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழும். இவ்வளவு பாரத்தை அந்தப் பனிக்கட்டி எப்படித் தாங்குகிறது என்பது ஒன்று. மேலே எல்லாம் உறைந்து கிடக்கும்போது கீழே மீன் எப்படி உயிரோடு இருந்து இரை தேடுகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை நீரின் ஒரே விசித்திரமான குணத்தில் இருக்கிறது. அந்தக் குணத்தை விளங்கிக்கொண்டவருக்கு இந்த மீன்பிடியின் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பது என் கருத்து. தூண்டில் தடியும் இரையும் அதற்குப் பின்னர் வருபவை.

இங்குள்ளவர்கள் இதை ஐஸ் ஃபிஷிங் என்பார்கள். உறைந்த நீர்நிலையின் மேல் நின்று, பனிக்கட்டியில் ஒரு சாண் அகலமான துளையிட்டு, அதன் வழியே தூண்டிலை நேர்கீழாக இறக்கி மீன் பிடிப்பதே அது. கோடையில் தூண்டிலை வீசலாம், படகை நகர்த்தலாம், மீன் இருக்கும் இடத்துக்கு இரையைக் கொண்டு போகலாம். குளிர்காலத்தில் துளைக்கு நேர் கீழே உள்ள நீர் மட்டுமே நம் வசம் இருக்கிறது. எனவே எந்த இடத்தில் துளையிடுவது என்ற தீர்மானமே இந்த மீன்பிடியில் பாதி வேலையாகும்.

முதலில் நீரின் குணத்தைப் பார்ப்போம். பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். நீரும் 4 பாகை செல்சியஸ் வரை அவ்வாறுதான் நடந்துகொள்கிறது. அதற்குக் கீழே குளிரும்போது அது மீண்டும் விரிவடைந்து இலேசாகத் தொடங்குகிறது. இலையுதிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு குளிர்ந்து, பாரமாகி, கீழே இறங்குகிறது. கீழிருந்த நீர் மேலே வருகிறது. ஏரி முழுவதும் 4 பாகையை எட்டும் வரை இந்தக் கலக்கம் தொடரும். அதன் பிறகு மேற்பரப்பில் உள்ள நீர் மேலும் குளிர்ந்தால் அது கீழே இறங்குவதில்லை. 3 பாகை நீர் 4 பாகை நீரின்மேல் மிதக்கிறது, 2 பாகை நீர் அதற்கும் மேல் மிதக்கிறது, கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் பனிக்கட்டி உருவாகிறது. கோடையில் மேலே வெதுவெதுப்பும் அடியில் குளிருமாக இருந்த ஏரி, குளிர்காலத்தில் இவ்வாறு தலைகீழாகிவிடுகிறது. வெளியே காற்று மைனஸ் 20 பாகையில் வீசும் நாளிலும் அடிநீர் உறைநிலைக்கு மேலேயே இருக்கிறது, மீனும் அங்கே இருக்கிறது. நீர் மற்றத் திரவங்களைப்போல நடந்துகொண்டிருந்தால் ஏரிகள் அடியிலிருந்து மேல்நோக்கி உறைந்திருக்கும். அப்படிப்பட்ட ஏரியில் மீன் எதுவும் மிஞ்சியிராது.

பெரிய ஏரிகளில் ஒரு சிக்கல் உண்டு. சிம்கோ ஏரியின் பரப்பளவு 700 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். இவ்வளவு திறந்த வெளியில் காற்று நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், மேற்பரப்பில் குளிர்ந்த படலம் அமைதியாகத் தங்குவதற்கு இடமே கிடைப்பதில்லை. இதனால் ஏரி முழுவதும் 4 பாகைக்கும் கீழே குளிர்ந்த பின்னரும் உறையாமல் நிற்கக்கூடும். பிறகு காற்று ஓய்ந்த ஒரு கடும் குளிர் இரவில் பெரும்பரப்பு ஒன்றாக மூடிக்கொள்கிறது. தெற்கே உள்ள குக்ஸ் குடா ஆழம் குறைந்தது. ஆகவே முதலில் உறைவது அதுதான். மேற்கே பேரி நகரை நோக்கி நீளும் கெம்பென்ஃபெல்ட் குடாவின் ஆழம் 40 மீற்றரைத் தாண்டும். ஏரியின் மிக ஆழமான இடமும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குடாவும் ஏரியின் நடுப்பகுதியும் பிந்தியே உறையும். ஒரே ஏரியில், ஒரே நாளில், ஓரிடத்தில் குடும்பம் குடும்பமாக மீன் பிடித்துக்கொண்டிருக்க, இன்னோரிடத்தில் திறந்த நீர் அலையடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இந்த ஏரியோடு மீன்பிடிக்கு இருக்கும் உறவு மிகப் பழையது. வடகிழக்கு முனையில், சிம்கோ ஏரியும் குச்சிசிங் ஏரியும் சந்திக்கும் ஒடுங்கிய கால்வாயில், நீருக்குள் மரக்கம்புகளை நட்டு அமைக்கப்பட்ட மீன் அடைப்புகள் இருந்தன. அவற்றில் மிகப் பழையவை ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று கண்டறியப்பட்டுள்ளது; மஞ்சிக்கானிங் மீன் அடைப்புகள் என்ற பெயரில் அவ்விடம் கனடாவின் தேசிய வரலாற்றுத் தலமாக 1982இல் அறிவிக்கப்பட்டது. 1615இல் வென்டாட் என்ற பூர்வகுடி மக்களோடு இவ்வழியே சென்ற பிரெஞ்சுப் பயணி சாம்பிளேன் அவை பயன்பாட்டில் இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். மோஹாக் மொழியில் ‘நீருக்குள் மரங்கள் நிற்கும் இடம்’ என்று பொருள்படும் ‘ட்கரொன்ரோ’ என்ற சொல் இந்தக் கம்புகளையே குறித்தது என்றும், அந்தப் பெயரே காலப்போக்கில் தெற்கே நகர்ந்து ரொறன்ரோ ஆயிற்று என்றும் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணக் கடனீரேரியில் கம்பு நட்டுக் கட்டும் சிறகுவலையைப் பார்த்து வளர்ந்த ஒருவர், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு தம் ஊர்ப் பெயரின் மூலத்தைக் கேட்கும்போது சற்றுச் சிரிக்கத்தான் செய்வார். உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பதும் ஐரோப்பியர் கொண்டுவந்ததன்று. அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்கள் துளையின்மேல் போர்வையை மூடி, வெளி வெளிச்சத்தை மறைத்து, மரத்தில் செதுக்கிய பொய்மீனை நீரில் ஆட்டி, அதை நாடி வரும் பெரிய மீனை ஈட்டியால் குத்திப் பிடித்துவந்தனர். இருட்டறையில் இருந்து பார்த்தால் நீருக்குள் தெளிவாகத் தெரியும் என்ற அந்த அறிவே இன்றைய இருண்ட கூடாரங்களிலும் பயன்படுகிறது.

இனி, காலடியில் இருக்கும் பனிக்கட்டிக்கு வருவோம். தொடங்குபவர் மனத்தில் முதலில் பதிக்க வேண்டியது, அது தரையன்று என்பதே. அது நீரின்மேல் மிதக்கும் ஒரு தகடு. நீரைவிட ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு இலேசானது. 30 சென்ரிமீற்றர் தடிப்பான பனிக்கட்டியில் துளையிட்டால், நீர் மேலேறி வந்து மேல்விளிம்புக்கு இரண்டரை சென்ரிமீற்றர் கீழே நின்றுவிடும். இதைத் தம் கண்ணால் பார்ப்பது நல்ல பாடம். மனிதரோ வாகனமோ மேலே ஏறும்போது தகடு சற்று வளைந்து கீழே அமிழ்கிறது, கீழிருக்கும் நீர் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. பாரத்தைத் தாங்குவது பனிக்கட்டியின் உறுதியும் அந்த நீரும் சேர்ந்தே. துளையிலிருந்து நீர் பொங்கி மேலே பரவத் தொடங்கினால், அவ்விடத்தில் பாரம் கூடிவிட்டது என்று பொருள். ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிறுத்தப்பட்ட வாகனத்தின் கீழ்த் தகடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதையும் பலர் அறியார்.

எவ்வளவு தடிப்புப் போதும்? கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரைப்படி, தனியாக நடப்பதற்கு 15 சென்ரிமீற்றரும், கூட்டமாக நிற்பதற்கு 20 சென்ரிமீற்றரும், ஸ்னோமொபைல் ஓட்டுவதற்கு 25 சென்ரிமீற்றரும் தேவை. இந்த எண்கள் தெளிந்த, நீலம் கலந்த, புதிய பனிக்கட்டிக்கு உரியவை. வெண்பனி விழுந்து நனைந்து உறைந்ததால் பால்போல வெளுத்துத் தெரியும் பனிக்கட்டிக்கு ஏறத்தாழ அதில் பாதி வலுவே உண்டு. எனவே தடிப்பு இரு மடங்காக இருக்க வேண்டும். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் உள்ளே நீர் ஊறியிருக்கிறது என்று பொருள். அதன்மேல் கால் வைக்கவே கூடாது.

தடிப்பு நாளுக்கு நாள் ஒரே வேகத்தில் வளர்வதும் இல்லை. நீரிலிருந்து வெப்பம் வெளியேற வேண்டுமானால் ஏற்கெனவே உள்ள பனிக்கட்டியைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே தகடு தடிக்கத் தடிக்க வளர்ச்சி மந்தமாகிறது. முதல் 10 சென்ரிமீற்றருக்குச் சில குளிர் நாட்கள் போதும், அடுத்த 10க்கு அதைவிடப் பல மடங்கு நாட்கள் வேண்டும். அதன்மேல் வெண்பனி விழுந்தால், அது ஒரு போர்வையாகி வளர்ச்சியை இன்னும் தடுக்கிறது. ‘நேற்று ஒரு முழம் பனி கொட்டியது, ஏரி நன்றாக உறைந்திருக்கும்’ என்று புதியவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். நடப்பது அதற்கு நேர்மாறு. கனத்த வெண்பனி தகட்டைக் கீழே அமிழ்த்துகிறது. வெடிப்புகள் வழியே நீர் மேலேறி வெண்பனிக்குள் ஊறுகிறது. மேலே பார்த்தால் வெள்ளை விரிப்பு, கால் வைத்தால் முழங்கால் அளவு கூழ்.

பனிக்கட்டி ஓசையும் எழுப்பும். வெப்பநிலை ஏறி இறங்கும்போது தகடு விரிந்தும் சுருங்கியும் வெடிக்கிறது. அந்த அதிர்வு தகட்டின் வழியே பல கிலோமீற்றர் ஓடுகிறது. உயர்ந்த சுருதி அலைகள் முந்தியும் தாழ்ந்த சுருதி அலைகள் பிந்தியும் வந்து சேர்வதால், தூரத்து வெடிப்பு ‘பியூவ்’ என்று சறுக்கிக்கொண்டு இறங்கும் விநோத ஒலியாகக் கேட்கும். நான் முதன்முறை இரவில் இதைக் கேட்டபோது குடிலின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னர்தான், கடும் குளிர் மாலைகளில் தடித்த பனிக்கட்டி எழுப்பும் இயல்பான ஓசையே அது என்று தெரிந்தது. அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. விரிவடையும் தகடுகள் ஒன்றோடொன்று மோதி எழும்பி உண்டாகும் அழுத்த வரம்புகளின் இரு பக்கத்திலும் பனிக்கட்டி மெலிந்தோ, நீர் திறந்தோ இருக்கும். காலையில் கடந்து போன வெடிப்பு, காற்று திசை மாறிய பின், மாலையில் தாண்ட முடியாத கால்வாயாகிவிடலாம். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கரையோரம், ஈரி ஏரியில், காற்றால் பிளந்து விலகிய பனித்தகட்டில் 130க்கும் மேற்பட்ட மீன்பிடிப்பவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகொப்டர்களும் படகுகளும் வந்து மீட்டன, ஒருவர் உயிரிழந்தார். பனிக்கட்டியின் தடிப்பு போதாமல் நிகழ்ந்த விபத்தன்று அது.

ஆகவே அனுபவசாலிகள் கையில் ஒரு கனத்த இரும்பு உளிக்கோல் இருக்கும். சில அடிகளுக்கு ஒருமுறை அதை முன்னே ஓங்கிக் குத்தி, ஓசையையும் ஊடுருவலையும் பார்த்தபடியே நடப்பார்கள். கழுத்தில் இரண்டு கூரிய பிடியூசிகள் கயிற்றில் தொங்கும். தவறி நீரில் விழ நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ‘1–10–1’ என்ற சுருக்கத்தில் விளக்கிவருகிறார். முதல் 1 நிமிடம் குளிர் அதிர்ச்சியால் மூச்சு திணறும். அப்போது செய்ய வேண்டிய ஒரே வேலை, தலையை நீருக்கு மேலே வைத்து மூச்சைச் சீராக்குவது. அடுத்த 10 நிமிடம் கைகால்கள் சொன்னபடி கேட்கும். வெளியேறுவதற்கான காலம் அதுதான். உடற்சூடு இறங்கி நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். குளிர் நீரில் விழுந்தவர் உடனே விறைத்துப் போவார் என்ற பொது நம்பிக்கை தவறு. பதற்றத்தில் முதல் நிமிடத்தை இழப்பதே பெரும் ஆபத்து. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோமோ அந்தப் பக்கம் நம்மைத் தாங்கிய பனிக்கட்டி என்பதால் அங்கேயே திரும்பி, பிடியூசிகளை ஊன்றி, கால்களை நீந்துவதுபோல் உதைத்து, மார்பால் தவழ்ந்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும். நின்றால் பாரம் ஓரிடத்தில் குவியும்.

மீன்களைப் பற்றி இனிச் சொல்லலாம். சிம்கோ ஏரியில் குளிர்காலத்தில் தேடப்படுபவை முக்கியமாக மஞ்சள் பேர்ச், ஏரி வெண்மீன், ஏரி ட்ரவுட் ஆகியவை. பைக், பேர்பட் முதலியனவும் உண்டு. மீன் குளிர்இரத்தப் பிராணி. நீர் குளிர்ந்தால் அதன் உடலும் குளிர்ந்து, சமிபாடு மந்தமாகி, இரைத் தேவை குறைகிறது. ஆனால் எல்லா மீனும் ஒரே அளவில் சோம்புவதில்லை. ட்ரவுட்டும் வெண்மீனும் குளிர்நீரில் வாழப் பிறந்தவை. கோடையில் மேல்நீர் சூடாகும்போது அவை ஆழத்தில் சிறைப்பட்டதுபோல் கிடக்க வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் ஏரி முழுவதும் குளிர்ந்துவிடுவதால், ட்ரவுட் சில மீற்றர் ஆழமே உள்ள திட்டுகளுக்குக்கூட வேட்டையாட வந்துவிடுகிறது. பேர்ச் பகலில் கண்ணால் பார்த்து இரை தேடும் கூட்ட மீன். கூட்டம் துளைக்குக் கீழே வந்தால் கை ஓயாது, நகர்ந்துவிட்டால் ஒரு கொத்தும் கிடைக்காது, இருட்டியதும் அடங்கிவிடும். பேர்பட்டின் வழக்கம் வேறு. இரவில் இரை தேடும் இந்த மீன், பனிக்கட்டியின் கீழே, நடுக்குளிரில் முட்டையிடுகிறது.

குளிர்நீர் மீன்களின் கதை இந்த ஏரியில் நெடுங்காலம் வருத்தமானதாகவே இருந்தது. பண்ணைகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்து சேர்ந்த பொசுபரசு பாசிகளை வளர்த்தது. அவை மடிந்து அடியில் அழுகி, ஆழ்நீரின் ஒட்சிசனைத் தீர்த்தன. ட்ரவுட் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கவில்லை. 1960களிலிருந்து வளர்ப்புக் குஞ்சுகளை விட்டே அவ்வினத்தைக் காக்க வேண்டியதாயிற்று. ஒன்ராறியோ அரசு இந்த ஒரே ஏரிக்காக 2008இல் தனிச் சட்டம் இயற்றியது. விடப்படும் குஞ்சுகளின் துடுப்பு ஒன்றைச் சிறிது வெட்டி அடையாளமிடுவது வழக்கம். ஆகையால் பிடித்த ட்ரவுட்டைத் திருப்பிப் பார்த்து, எல்லாத் துடுப்பும் முழுதாக இருந்தால், அது ஏரியிலேயே பிறந்தது என்று பெரும்பாலும் சொல்லலாம். 1990களில் வரிக்குதிரைச் சிப்பிகள் பெருகி நீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டதால், மீனுக்கும் இப்போது தங்கூசி நன்றாகத் தெரிகிறது. மெல்லிய நூலாகப் பாவிக்கச் சொல்வது அதனால்தான்.

கருவிகள் அதிகமில்லை. துளையிட ஒரு திருகு துளைப்பான் வேண்டும். கையால் சுற்றுவதும் உண்டு, மின்கலத்தில் இயங்குவதும் உண்டு. பேர்ச் மட்டும் போதுமென்றால் 6 அங்குலத் துளை, ட்ரவுட்டை எதிர்பார்த்தால் 8 அங்குலம் அல்லது அதற்கு மேல். துளையில் மிதக்கும் பனித்துகளை அள்ள ஓர் அரிகரண்டி. தூண்டில் தடி நம் முழங்கை நீளமே இருக்கும், ஏனெனில் துளையின் அருகே உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும். ஈயம் கலந்த சிறு பொய்இரையை அடியைத் தொடும்வரை இறக்கி, ஓரடி மேலே தூக்கி, மெதுவாகச் சுண்டி நிறுத்த வேண்டும். தொடங்குபவர்கள் சுண்டுவதில் காட்டும் ஆர்வத்தை நிறுத்துவதில் காட்டுவதில்லை. சுண்டல் மீனை அழைக்கும்; அது வாய்வைப்பது பெரும்பாலும் இரை அசையாமல் நிற்கும் கணத்தில்தான். இரண்டாவது துளையில், மீன் இழுத்ததும் சிறு கொடி துள்ளி எழும் பொறியை வைத்துவிட்டுத் தள்ளி உட்காரலாம். ஒலியலையால் ஆழத்தையும் இரையையும் மீனையும் வண்ணக் கோடுகளாகக் காட்டும் கருவி இப்போது பலரிடம் இருக்கிறது. அது விலை கூடியது, ஆனால் ‘இங்கே மீன் இல்லை’ என்று சொல்லி எழுப்பிவிடுவதே அதன் பெரிய உதவி.

முதல் வார இறுதிக்கு இவற்றில் எதையும் வாங்கத் தேவையில்லை. ஏரிக்கரையோர ஊர்களில் குடில்களை வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களே பனிக்கட்டியை அன்றாடம் அளந்து, பாதை குறித்து, துளையிட்டு, குடிலைச் சூடாக்கி, நம்மைக் கொண்டுபோய் இறக்கி, சொன்ன நேரத்துக்கு வந்து ஏற்றிச் செல்வார்கள். சிலர் பழைய பொம்பார்டியே பனிப்பேருந்துகளை இன்றும் ஓட்டுகிறார்கள். முன்னே சறுக்குக் கட்டைகளும் பின்னே சங்கிலிப் பட்டையும், பக்கத்தில் வட்ட யன்னல்களும் கொண்ட அந்த வண்டி, கியூபெக்கின் ஜோசெப் அர்மான் பொம்பார்டியே 1930களில் தொடங்கிய முயற்சியின் பயன். பனி அகற்றப்படாத நாட்டுப்புறச் சாலைகளில் மருத்துவரையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்ல உருவானது. குடிலுக்குள் ஒரு வாங்கு, தரையில் துளைகள், ஒரு புரொப்பேன் அடுப்பு. அந்த அடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை: காற்றோட்டம் அடைபட்ட குடிலில் எரியும் அடுப்பு, மணமோ நிறமோ இல்லாத காபனோரொட்சைட்டு வாயுவை வெளியிடும். குளிர் நுழைகிறதே என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைக்கக் கூடாது. இரவு தங்குவதாயின் வாயு அறிவிப்புக் கருவி ஒன்றைக் கொண்டுபோவது நன்று. உடையில், தோலோடு ஒட்டும் உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது. சறுக்குவண்டி இழுத்து வியர்த்த பின் ஈரப் பருத்தியோடு ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவை. பெப்ரவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமையில் வரும் குடும்ப நாள் விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் கனடாவில் வசிப்போர் உரிமமின்றியே பிடிக்கலாம் என்பதால், பல குடும்பங்கள் முதன்முறை போவது அப்போதுதான். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்ற எல்லை அந்நாட்களிலும் உண்டு. பனிக்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில்கள் வரை பாவிக்கலாம். அவற்றிலிருந்து 60 மீற்றருக்குள்ளேயே, அவை கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். உயிருள்ள இரைமீன் வேற்று நீரின் நோயையும் அந்நிய உயிரினங்களையும் சுமந்து வரக்கூடும் என்பதால், 2022 முதல் மாகாணம் நான்கு இரை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலம் விட்டு மண்டலம் கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கடையில் வாங்கிய இரைக்குப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இனவாரியான எல்லைகளும் திறப்பு நாட்களும் ஆண்டுதோறும் வெளியாகும் விதிநூலில் இருக்கும். போகுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

விடுவிக்க நினைக்கும் மீனைப் பனிக்கட்டிமேல் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கடும் குளிரில் அதன் செவுளும் கண்ணும் சில நொடிகளிலேயே உறையத் தொடங்கும். ஆழத்திலிருந்து இழுத்த பேர்ச்சுக்கு இன்னொரு சிக்கல். ட்ரவுட் தன் காற்றுப்பையிலுள்ள காற்றை ஏப்பம் விடுவதுபோல் வெளியேற்றிவிடும்; பேர்ச்சுக்கு அந்த வழி இல்லை, ஆகையால் மேலே வரும்போது பை ஊதி, வயிறு வாய்வழி பிதுங்கிவிடுகிறது. அப்படி வந்ததை நீரில் விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லையென்றால் ஆழமான இடத்தில் பேர்ச் பிடிக்காமல் இருப்பதே நல்லது. வைத்துக்கொள்வதாயின், உள்ளங்கையை விடச் சற்று நீளமான அந்த மீனின் வெண்சதை உறுதியாகவும் இனிப்பாகவும் இருக்கும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரித்தால் விளைமீன் பொரியலைத் தேட வேண்டியதில்லை. குழம்புக்கு வெண்மீனே பொருத்தம் என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. எந்த ஏரியில் எந்த மீனை, என்ன நீளத்தில், மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று மாகாண அரசு வெளியிடும் வழிகாட்டியும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனி அளவு குறிக்கப்பட்டிருக்கும்.

எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 2024 பெப்ரவரி நடுப்பகுதியில், பேரேரிகளின் பனிப்பரப்பு அந்தக் காலத்துக்குரிய பதிவுகளிலேயே மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் நாட்காட்டியை நம்பிக் கிளம்பக் கூடாது. நல்ல குளிர் ஆண்டிலும் மார்ச் மாதத்தில் கதை மாறுகிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் பனிக்கட்டி மேலிருந்து கீழாக மெலிவதோடு நின்றுவிடுவதில்லை. உள்ளேயே, படிகங்களின் ஓரங்களில் உருகி, செங்குத்தான மெழுகுவர்த்திகளை நெருக்கி அடுக்கியதுபோல் ஆகிவிடுகிறது. அளந்தால் 40 சென்ரிமீற்றர் இருக்கும், உளிக்கோல் ஒரே குத்தில் உள்ளே போகும். சிம்கோ ஏரியில் குடில்களை மார்ச் 15க்குள் அகற்றிவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குடில் ஒவ்வொன்றுக்கும் பதிவெண் பெற்று வெளிச்சுவரில் எழுதச் செய்வதும், கைவிடப்பட்டு உருகும் ஏரியில் அமிழ்ந்துபோகும் குடில் யாருடையது என்று கண்டுபிடிக்கத்தான். 7 சதுர மீற்றருக்கு மேற்படாத துணிக்கூடாரங்களுக்குப் பதிவு வேண்டியதில்லை; அவை மாலையில் மடிந்து, சறுக்குவண்டியில் ஏறி, அவரவரோடு கரை திரும்பிவிடுகின்றன.